‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!’ - நீங்க வேலை பார்க்கிற இடத்தோட ரிஸ்க்கை நீங்களே கணக்கு போடுவது எப்படி?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? ஓல்டு டவுனைத் தாண்டினதும் சிப்காட் வரும். பஸ்ஸுக்குள்ள துப்பட்டா, கர்ச்சீப், சட்டைக் காலர்னு கையில் கிடைச்சது எல்லாம் மூக்குக்குப் போகும். ஆலப்பாக்கம் நெருங்கும்போது கை தானா இறங்கிடும். நாத்தம் போயிடுச்சு, பிரச்னை முடிஞ்சுதுன்னு மறுபடி ரீல்ஸ் பார்க்க ஆரம்பிச்சுடுவோம்.

இதுவும் ஒரு ரிஸ்க் மதிப்பீடுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம எல்லோரும் தினமும் போடுற கணக்கு. ஆனா, பெரும்பாலும் தப்பான விடை வர்ற கணக்கு.

அந்த பஸ்ஸில் நிறைய பேர் வேலைக்குத்தான் போறாங்க. டிப்ளமோ முடிச்சுட்டு சிப்காட் கம்பெனியில் கான்ட்ராக்ட்ல சேர்ந்த பையன், சிதம்பரம் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிற பொண்ணு, ஹோட்டல் மாஸ்டர், பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சு லேபில் டிரெய்னியா சேரப்போறவர். சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் எத்தனை மணி, பஸ் வசதி இருக்கான்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் சேர்றோம். ‘இங்கே எனக்கு என்ன ஆகலாம்?’ங்கிற கேள்வியை மட்டும் கேட்கிறது இல்லை. கேட்டா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாங்களோன்னு ஒரு தயக்கம். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறது, விடையை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னுதான் இங்கே பார்க்கப்போறோம்.

முதலை வேற, முதலைக்கடி வேற

பாதுகாப்பு ஆபீஸர்கள் பேசும்போது ரெண்டு வார்த்தை அடிக்கடி வரும். ஒண்ணு ஹஸார்டு, இன்னொண்ணு ரிஸ்க். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்குவோம். சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப சுலபம். பழைய கொள்ளிடத்தில் முதலைங்க இருக்கு. அது ஹஸார்டு. கரையில் நின்னு வேடிக்கை பார்க்கிறவருக்கு ரிஸ்க் குறைவு. மாட்டைக் குளிப்பாட்ட இடுப்பளவு தண்ணியில் இறங்குறவருக்கு ரிஸ்க் அதிகம். முதலை அதேதான். யார், எப்போ, எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் போறாங்கங்கிறதுதான் மாறுது.

வேலை இடத்திலும் இதே கதைதான். ஹோட்டல் கிச்சன்ல கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி ஹஸார்டு. அதுக்குப் பக்கத்தில் தரை ஈரமா இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானக் கூட்டத்தில் நாலு பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடுறாங்கன்னா அது ரிஸ்க். சட்டியைத் தூக்கிப்போட முடியாது. தரையைத் துடைக்க முடியும்.

இந்த ரிஸ்க்கை நம்பர்ல போடுறதுக்கு உலகம் முழுக்க ஒரு எளிய முறை இருக்கு. ஒரு விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு 1 முதல் 5 வரை ஒரு மார்க். நடந்தா எவ்வளவு மோசமா இருக்கும்னு 1 முதல் 5 வரை இன்னொரு மார்க். ரெண்டையும் பெருக்கணும். அதிகபட்சம் 25. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கட்டம் போட்டு பல கம்பெனிச் சுவர்களில் ஒட்டியிருப்பாங்க. வழுக்கி விழ வாய்ப்பு 4, விழுந்தா பொதுவா சின்னக் காயம்தான்னு 2 போட்டா மொத்தம் 8. அதே தரை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தா ரெண்டாவது மார்க் 5 ஆகிடும். மொத்தம் 20. ஒரே ஈரம், ஒரே தரை. கணக்கு மட்டும் எங்கேயோ போயிடுச்சு பாருங்க.

கேட்க சுலபமா இருக்குல்ல? ஏமாத்துறதும் அதே அளவுக்குச் சுலபம். ‘வாய்ப்பு’ங்கிற அந்த முதல் மார்க்கில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடக்கும். மோசமான விளைவை யாராலும் குறைச்சுச் சொல்ல முடியாது. பாய்லர் வெடிச்சா சின்னக் காயம்தான்னு எழுதினா சிரிப்பாங்க. ஆனா ‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே, வாய்ப்பு 1 போடு’ன்னு சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. 25 வரவேண்டிய இடத்தில் 5 வந்துடும். சிவப்புக் கட்டம் பச்சையாகிடும். ஃபைல் மூடிடும்.

நெய்வேலியில் 55 நாள்

கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு நெய்வேலியை அறிமுகப்படுத்த வேண்டியது இல்லை. 2020 மே 7 அன்று என்.எல்.சி-யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 6-வது யூனிட் பாய்லரில் விபத்து நடந்தது. காயமடைஞ்ச தொழிலாளர்கள் சிலர் பிறகு சிகிச்சையில் இறந்தாங்க. சரியா 55 நாள் கழிச்சு, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் 5-வது யூனிட் பாய்லரில் மறுபடியும் வெடிப்பு. அன்னைக்கே 6 பேர் இறந்தாங்க. அடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொரு சாவுச் செய்தியா வந்து, அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் இருந்தாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இடைக்கால இழப்பீடாக நிறுவனத்தை 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

இதில் வேலைக்குப் புதுசா போறவங்க கவனிக்க வேண்டியது ரெண்டு விஷயம்.

முதல் விஷயம், மே 7-க்குப் பிறகு ‘வாய்ப்பு’ மார்க் என்னவா இருக்கணும்? அதே வளாகம், அதே மாதிரி பாய்லர், அதே நிலக்கரி. ஒரு தடவை நடந்தது இன்னொரு தடவை நடக்காதுங்கிறது நம்ம மனசு சொல்ற சமாதானம். நடந்துடுச்சுன்னா, அது நடக்கக்கூடியதுன்னு நிரூபணமாகிடுச்சுன்னு அர்த்தம். நீங்க சேர்ந்திருக்கிற இடத்தில் போன வருஷம் யாருக்காவது கை மாட்டியிருந்தா, அந்த மெஷினை எப்படிச் சரிபண்ணாங்கன்னு கேளுங்க. ‘அவன் கவனமில்லாம இருந்தான்’ங்கிறது மட்டும்தான் பதிலா வந்தா, மெஷின் அப்படியேதான் இருக்கு.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஜூலை 1 விபத்தப்போ அந்த யூனிட் வழக்கமான ஓட்டத்தில் இல்லை, நின்னுபோன யூனிட்டை மறுபடி ஓட வைக்கும் வேலை நடந்துக்கிட்டிருந்ததுன்னுதான் அப்போ செய்தி வந்தது. நாம நினைக்கிறது என்ன? மெஷின் ஓடும்போது ஆபத்து, நின்னா நிம்மதி. பெரிய தொழிற்சாலைகளில் இது பல சமயம் தலைகீழ். நிறுத்தும்போது, ரிப்பேர் பார்க்கும்போது, திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சூடு, அழுத்தம், வாயு எல்லாமே வழக்கத்துக்கு மாறா நடந்துக்கும். அந்த நேரத்தில்தான் வழக்கமா அங்கே நிக்காத ஆட்களும் நிப்பாங்க. வெல்டர், கிளீனிங் ஆள், சாரம் கட்டுறவர்... பாதிப் பேர் வெளி கான்ட்ராக்டரோட ஆளுங்க. அந்த பிளான்ட்டோட சுபாவம் தெரியாதவங்க.

அதனால, ‘இன்னைக்கு என்ன வேலை?’ன்னு கேட்கும்போது கூடவே ‘இது தினமும் நடக்கிற வேலையா, இன்னைக்கு மட்டும் நடக்கிற வேலையா?’ன்னு கேட்டுப் பழகுங்க. இன்னைக்கு மட்டும்னா, ஒர்க் பர்மிட் போட்டிருக்கான்னு பாருங்க. எந்த லைனை மூடியிருக்காங்க, கரன்ட் சுவிட்ச்சுக்குப் பூட்டு போட்டு ‘வேலை நடக்கிறது’ன்னு அட்டை தொங்கவிட்டிருக்காங்களா, அந்தப் பூட்டோட சாவி யார் பாக்கெட்டில் இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க. முறைப்படி அந்தச் சாவி உள்ளே இறங்குற ஆள்கிட்டதான் இருக்கணும், சூப்பர்வைசர் டேபிள் டிராயரில் இல்லை.

செம்மங்குப்பம் கேட்

‘ஹெல்மெட் கொடுத்திருக்கோம், ஷூ கொடுத்திருக்கோம், அப்புறம் என்ன?’ன்னு நிர்வாகங்கள் கேட்கும். பாதுகாப்புத் துறையில் ஹெல்மெட்டும் ஷூவும் கடைசி வரிசை. அதுக்கு முன்னாடி நாலு வரிசை இருக்கு. இதைப் புரிஞ்சுக்க ஃபேக்டரிக்குள்ள போக வேண்டாம். கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையிலேயே உதாரணம் இருக்கு.

2025 ஜூலை 8 காலை. ஆலப்பாக்கம் பக்கம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தாங்க. யார் மேல தப்புன்னு நாடே பேசியது. அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லைங்கிற விவரம் ரெண்டாவது நாள் செய்திகளில்தான் அதிகம் அடிபட்டுச்சு. என் பார்வையில் அதுதான் தலைப்புச் செய்தி.

இன்டர்லாக்கிங்னா என்ன? கேட் முழுசா மூடினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். மூடலைன்னா சிக்னல் சிவப்பாவே நிக்கும், யார் என்ன சொன்னாலும். இது இல்லாத கேட்டில், ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவார், கேட் கீப்பர் மூடிட்டு ஒரு நம்பர் சொல்வார், அதை நம்பி ரயில் வரும். அதாவது, ஒரு வேன் முழுக்க இருக்கிற உயிர்கள் ஒரு மனுஷனோட தூக்கம், ஞாபகம், நேர்மை ஆகியவற்றின் மேல நிக்குது. அந்த ஏற்பாடு தினமும், வருஷக்கணக்கா சரியா நடக்கும். தவறும் ஒரு நாளைக்கு மட்டும் எந்தத் தடுப்பும் இருக்காது. இந்த விபத்துக்குப் பிறகு, வாகனப் போக்குவரத்து குறைவா இருக்கிற கேட்டுகளுக்கும் இன்டர்லாக்கிங் போடுற மாதிரி ரயில்வே வரம்பைத் தளர்த்தியது.

இப்போ அந்த வரிசையைப் பாருங்க. ஆபத்தையே இல்லாமப் பண்றது முதல் படி: கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டுறது. முடியலைன்னா, ஆபத்து குறைஞ்ச வேற ஒண்ணை வைக்கிறது. ரசாயனத் தொழிலில் விஷம் அதிகமான திரவத்துக்குப் பதில் விஷம் குறைஞ்சதைப் பயன்படுத்துற மாதிரி. அதுவும் முடியலைன்னா, மனுஷன் தப்பு பண்ணாலும் காப்பாத்துற மாதிரி மெஷினை அமைக்கிறது. இன்டர்லாக்கிங் இந்த வகை. அடுத்துதான் விதிமுறை, ரிஜிஸ்டர், போன் நம்பர், எச்சரிக்கை போர்டு. எல்லாத்துக்கும் கடைசியில் ஹெல்மெட், கிளவுஸ், மாஸ்க்.

உங்க வேலை இடத்தில் ஒரு ஆபத்தைப் பார்த்தா, அதுக்குச் செஞ்சிருக்கிற ஏற்பாடு இதில் எந்தப் படியில் இருக்குன்னு யோசிங்க. பெரும்பாலும் கடைசி ரெண்டு படிதான் இருக்கும். அது செலவு கம்மி. தப்பு நடந்தா பழியும் தொழிலாளி மேல போயிடும்.

மூக்கை நம்பாதீங்க

திரும்ப சிப்காட்டுக்கு வருவோம். 1980-களில் உப்பனாற்றுக் கரையோரம் வந்த ரசாயனத் தொழிற்சாலைகள். 2021 மே 13 அன்று இங்கே ஒரு பூச்சிக்கொல்லி தொழிற்சாலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தாங்க. 2025 மே மாதம் இன்னொரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி வெடிச்சு, குடிக்காடு கிராமத்துக்குள் தண்ணி பாஞ்சு, பலர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஒண்ணு உள்ளே இருந்தவங்களுக்கு, இன்னொண்ணு வெளியே வீட்டில் தூங்கிக்கிட்டிருந்தவங்களுக்கு.

இதே சிப்காட்டில் ரிஸ்க் மதிப்பீட்டுக்கு இந்தியாவே பார்த்த ஒரு உதாரணமும் இருக்கு. இன்ஜினீயர்கள் போட்டது இல்லை, ஊர்க்காரங்க போட்டது. 2004 வாக்கில் சுத்துப்பட்டு கிராமத்து ஆட்கள் சிலர் பயிற்சி எடுத்துக்கிட்டு, நாத்தத்துக்கு ஒரு நோட்டு போட்டாங்க. எந்த நாள், எத்தனை மணி, காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, எது மாதிரி நாத்தம், யாருக்கு என்ன பண்ணுச்சு... கண் எரிச்சலா, வாந்தியா, தலைவலியா. ‘ஒரே நாத்தம்’னு சொன்னா எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். ‘ராத்திரி 11 மணிக்கு, தென்கிழக்குக் காத்தில், அழுகின முட்டை நாத்தம்’னு சொன்னா அது தகவல். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வெச்சு, காத்தை உறிஞ்சிப் பிடிச்சு, வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினாங்க. 20-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் காத்தில் இருந்தது தெரியவந்தது, புற்றுநோய் வரவைக்கக்கூடியவையும் அதில் சேர்த்தி. பக்கெட்டும் நோட்டும்தான் ஆயுதம். உங்க கையில் அதைவிடப் பெரிய நோட்டு, பாக்கெட்லயே இருக்கு.

ஆனா நாத்தத்தை வெச்சு மட்டும் உயிர்க் கணக்கு போடக்கூடாது. அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை எடுத்துக்குங்க. கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சில கெமிக்கல் யூனிட்னு பல இடத்தில் உருவாகும். ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 10 லட்சம் பங்கு காத்தில் இந்த வாயு 100 பங்கைத் தொடும்போது, மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செஞ்சிடும். நாத்தம் நின்னுடும். ‘அப்பாடா, போயிடுச்சு’ன்னு நீங்க நினைக்கிற அந்த நிமிஷத்தில் அளவு கூடிக்கிட்டே இருக்கலாம். அதுக்கு மேல சில மடங்கு போனா, ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிஞ்சு விழுந்துடுவார்.

செப்டிக் டேங்க் சாவுகளில் திரும்பத் திரும்ப ஒரே கதை வர்றதுக்கும் இதுதான் காரணம். ஒருத்தர் இறங்குவார், மயங்குவார். காப்பாத்த அண்ணன் இறங்குவார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். அன்புதான் அவங்களை உள்ளே இழுக்குது. சாதாரணக் காத்தில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் பாதுகாப்பில்லைன்னு கணக்கு. கர்ச்சீப் கட்டிக்கிட்டாலோ, சாதாரண மாஸ்க் போட்டாலோ இல்லாத ஆக்சிஜன் வந்துடாது. வாயு அளக்கிற மீட்டர், காத்துக் குழாய், வெளியே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள்... இது மூணும் இல்லாம எந்தத் தொட்டிக்குள்ளயும் இறங்காதீங்க, யாரையும் இறங்க விடாதீங்க. செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடையில் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாம ஆளை இறக்குறது 2013-ம் வருஷச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். யாராவது விழுந்துட்டா இறங்காதீங்க. 112-க்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் பண்ணுங்க, மேலிருந்து காத்து அடிங்க, கயித்தால் தூக்கப் பாருங்க. சொல்றது சுலபம், கண்ணெதிரே தம்பி கிடக்கும்போது நிக்கிறது கஷ்டம். அதனாலதான் முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஃபேக்டரியே வேண்டாம், சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் வேலையா? பாத்ரூம் கறை போகணும்னு ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்துறது பல இடத்தில் வழக்கம். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு இதைச் செஞ்சா, நுரையீரல் எரிய ஆரம்பிக்கும். இதுக்கெல்லாம் பத்து பைசா செலவு இல்லை. ரெண்டையும் ஒண்ணா வைக்காம இருந்தாலே போதும்.

எத்தனை பேர் பக்கத்தில் இருக்காங்க?

2020 செப்டம்பர் 4. காட்டுமன்னார்கோவில் பக்கம் குருங்குடி. நாட்டுப் பட்டாசு தயாரிக்கும் இடத்தில் வெடி விபத்து. அன்னைக்கே 7 பெண்கள் இறந்தாங்க, பிறகு பலி எண்ணிக்கை 9 ஆனது. நெய்வேலி வெடிப்புக்கு ரெண்டே மாசம் கழிச்சு, அதே மாவட்டத்தில்.

மருந்து வெடிக்கும்ங்கிறது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிஞ்சதுதான். பட்டாசுத் தொழிலுக்கான விதிகளில், மருந்து கையாளும் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாதுன்னு வெச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. விபத்தை முழுசாத் தடுக்க முடியாத தொழில்னு ஒப்புக்கிட்டு, நடந்தா எத்தனை உயிர் போகும்ங்கிறதைக் குறைக்கிற கணக்கு அது. அறைகளுக்கு நடுவில் இடைவெளி, ஒரு அறையில் இருக்கிற மருந்துக்கு அளவு, எல்லாம் இதே நோக்கம்தான். நீங்க போடுற கணக்கில் மூணாவதா இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கணும்: ஒண்ணு ஆச்சுன்னா அந்த இடத்தில் எத்தனை பேர் இருப்போம்? அவ்வளவு பேர் அங்கே இருக்கத் தேவை இருக்கா? சாப்பாட்டு நேரத்தில் நிழலுக்காக ரியாக்டர் ஷெட்டுக்கு அடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறது எத்தனை இடத்தில் நடக்குது!

வெடிக்காத ஆபத்துகள்

வெடிச்சா செய்தி வரும். மெதுவாத் தின்கிற ஆபத்துக்குச் செய்தி வராது. பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களோட கையைப் பார்த்திருக்கீங்களா? ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலை அரிச்சு, கருத்து, ரேகை மங்கிப்போயிருக்கும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கிட்டு வேலை பார்ப்பாங்க. கிளவுஸ் போட்டா வேகம் குறையும். கிலோ கணக்கில் கூலி வாங்குறவங்களுக்கு வேகம்தான் காசு. கிளவுஸ் கொடுத்தோமே, அவங்கதான் போடலைன்னு சொல்றவங்க இந்தக் கூலிக் கணக்கைப் பேசவே மாட்டாங்க. கூலி கொடுக்கிற முறையும் ரிஸ்க்கோட ஒரு பகுதிதான். டெலிவரி பண்ற தம்பிகளுக்கு இதைத் தனியாச் சொல்லவே வேண்டாம்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்னு நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவங்களுக்கு: கால் நரம்பு சுருட்டிக்கிறது, இடுப்புவலி, பாத்ரூம் போகக்கூடாதுன்னு தண்ணி குடிக்காம இருந்து வர்ற யூரினரி இன்ஃபெக்‌ஷன், இதெல்லாம் வேலை கொடுக்கிற வியாதிகள். கேரளா 2018-ல் செஞ்ச மாதிரி, தமிழ்நாடும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தது. கடையில் ஸ்டூல் இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, அதில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கீங்களான்னு யோசிங்க.

சத்தத்துக்கு ஒரு சின்ன டெஸ்ட். மூணடி தள்ளி நிக்கிற ஆள்கிட்ட கத்தித்தான் பேச வேண்டியிருக்கா? அப்போ அந்தச் சத்தம் காதைக் கெடுக்கிற அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் காதில் ‘ங்ஙொய்’னு கேட்டா அது களைப்பு இல்லை, எச்சரிக்கை. போன காது திரும்ப வராது.

முதல் வாரத்தில் என்ன பண்ணலாம்?

ரசாயனம் இருக்கிற இடம்னா, டிரம்ல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. சிவப்பு பார்டர் போட்ட டைமண்டு கட்டத்துக்குள் மண்டை ஓடோ, தீயோ, கை அரிக்கிற படமோ இருந்தா என்ன அர்த்தம்னு அஞ்சு நிமிஷத்தில் கத்துக்கலாம். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ‘சேஃப்டி டேட்டா ஷீட்’னு 16 பகுதி கொண்ட பேப்பர் இருக்கும். கேட்டா காட்டணும். முழுக்கப் படிக்க முடியலைன்னா 2, 4, 8 இந்த மூணு பகுதியை மட்டும் பாருங்க: என்ன ஆபத்து, முதலுதவி என்ன, என்ன போட்டுக்கிட்டு வேலை செய்யணும். இங்கிலீஷ்லதான் இருக்கும். லேபில் இருக்கிறவரைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க. எரியக்கூடிய வாயு இருக்கிற ஏரியாவில் மட்டும் போனை எடுத்து போட்டோ எடுக்காதீங்க, அந்த போனே தீப்பொறிக்குக் காரணமாகலாம். ‘செல்போன் தடை’ போர்டு ரீல்ஸ் எடுக்கிறதைத் தடுக்கத்தான்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க.

அப்புறம், தலைக்கு மேலே பாருங்க. கம்பத்தில் ஒரு துணிக்குழாய் பறக்குதா? காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டுறது அது. வாயு கசிஞ்சா, காத்து போற திசையில் ஓடக்கூடாது, வாயுவும் உங்ககூடவே ஓடிவரும். காத்துக்குக் குறுக்காகப் போய், அதுக்கப்புறம் காத்து வர்ற பக்கமா ஏறணும். பக்கத்து கேட்தான் கிட்டன்னு அந்தப் பக்கமே ஓடுறது நம்ம பழக்கம்.

சரி, ஆபத்துன்னு தெரியுது, சொன்னா வேலை போயிடுமே? நியாயமான பயம். 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தாங்க. அதில் 41-எச் பிரிவு, உடனடி ஆபத்து இருக்குன்னு நினைச்சா அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும் இன்ஸ்பெக்டர் கவனத்துக்கும் கொண்டுபோக தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த உரிமை இருக்கு. கடலூரிலேயே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம் இருக்கு. சட்டத்தில் இருக்கிறது எல்லாம் ஷெட்டுக்குள் நடந்துடாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால தனியாப் போய் நிக்காதீங்க. ரெண்டு மூணு பேரா, எழுத்தில், தேதியோட கொடுங்க. ‘இந்த வால்வ் ஒழுகுது’ன்னு வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பின ஒரு மெசேஜ்கூட பிற்பாடு சாட்சி. யாருக்கும் அடிபடாம தப்பிச்ச சம்பவங்களையும் எழுதி அனுப்புங்க. மேலிருந்து ஸ்பேனர் விழுந்து தோள் பக்கத்தில் போச்சுன்னா, சிரிச்சுட்டு எடுத்துக் கொடுத்துடாதீங்க. அடுத்த தடவை அது எங்கே விழும்னு யாருக்குத் தெரியும்?

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவங்களுக்குப் பொருந்தும்; உங்க பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். பிடிச்சதைக் கட்டினாங்களான்னு ஆன்லைனிலேயே பார்க்கலாம். கான்ட்ராக்டர் மூலமா போறீங்கன்னா அவரோட பேர் என்ன, எந்தக் கம்பெனி பேர்ல உங்களுக்கு அட்டை போட்டிருக்காங்கன்னு வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லி வைங்க. கேட்டில் உள்ளே போகும்போது பேர் எழுதுறாங்கல்ல, அந்த நோட்டில் வெளியே வரும்போதும் மறக்காம கையெழுத்து போடுங்க. உள்ளே ஏதாவது நடந்துட்டா, தீயணைப்புக்காரங்க எத்தனை பேரைத் தேடணும்னு முடிவு பண்றது அந்த நோட்டை வெச்சுத்தான்.